அழிக்கும் முன் சிங்க்: போனிலும் லெப்டொப்பிலும் உள்ள குறிப்புகளைச் சரிபார்க்கும் முறை

குறிப்புகளைச் சுத்தம் செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் வேண்டாததை அழிப்பதில்தான் தொடங்குகிறார்கள். நட்டமும் அங்கேதான் தொடங்குகிறது. போனில் இருக்கும் குறிப்பும் லெப்டொப்பில் இருக்கும் குறிப்பும் ஒன்றுதானா என்று தெரியாமல் ஒன்றை அழித்தால், அழிந்தது பழைய பிரதியா, நேற்று இரவு திருத்திய பிரதியா என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. ஒத்திசைவு, அதாவது எல்லோரும் சிங்க் என்று சொல்வது, எழுத்தை மட்டும் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதில்லை. அழிப்பையும் அப்படியே கொண்டுபோகும். போனில் தவறி அழித்த குறிப்பு, அடுத்த முறை சிக்னல் கிடைத்ததும் லெப்டொப்பிலும் போய்விடும். சிங்க் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை முதலில் மனதில் பதிக்க வேண்டும்.

அதனால் இங்கே வேலையின் வரிசை மாறாது. முதலில் தனிப் பிரதி, அடுத்து சிங்க் சரிபார்ப்பு, கடைசியில்தான் துப்புரவு.

மலையகத்தில் பலரிடம் இருப்பது ஓர் அண்ட்ரொய்ட் போன், ஒரு பழைய லெப்டொப், ரீலோட் போட்டு வாங்கும் டேட்டா. லயத்துக்குள் சிக்னல் ஒரு கோடு, ரோட்டுக்கு ஏறினால் மூன்று கோடு. உயர்தரப் பாடக் குறிப்பு, பாடசாலைப் பதிவு, கொழுந்து எடைக் கணக்கு, ஈபிஎஃப் இலக்கம், பிறப்புச் சான்றிதழ் போட்டோ எல்லாம் ஒரே செயலிக்குள் கிடக்கும். கீழே உள்ள படிகள் இந்த நிலைமையை நினைத்து எழுதப்பட்டவை. ஜொப்ளின், ஒப்சிடியன், ஒன்நோட், கூகுள் கீப், எவர்நோட் ஆகியவற்றை வைத்து விளக்கியிருக்கிறோம். வேறு செயலி என்றாலும் முறை இதுதான்.

எண்ணுவதும் பிரதி எடுப்பதும்

ஒரு கடதாசியை எடுத்து இரண்டு நிரல் போடுங்கள்: போன், லெப்டொப். எத்தனை குறிப்பு, எத்தனை இணைப்பு (குறிப்போடு சேர்த்த போட்டோ, கோப்பு) என்று இரண்டிலும் பார்த்து எழுதுங்கள். ஜொப்ளினில் ஹெல்ப் மெனுவில் உள்ள சிங்க் நிலைப் பக்கம் இந்த எண்ணிக்கையைக் காட்டும். போனில் அதே பக்கம் செட்டிங்ஸுக்குள் இருக்கும். ஒப்சிடியனில் குறிப்பெல்லாம் சாதாரணக் கோப்புகள். விண்டோஸில் அந்தக் கோப்புறையை ரைட் கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ் பார்த்தால் கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் வரும். கீப்பில் எண்ணிக்கை காட்டும் இடம் இல்லை. அங்கே கடைசியாக எழுதிய பத்துக் குறிப்பின் தலைப்புகளை இரண்டு கருவியிலும் ஒப்பிட்டால் போதும்.

இரண்டு எண்ணும் பொருந்தவில்லை என்றால் பதற வேண்டாம், எதையும் தொடவும் வேண்டாம். உடனே பிரதி எடுங்கள், அதுவும் இரண்டு கருவியிலிருந்தும் தனித்தனியாக. எதில் புதியது இருக்கிறது என்று இன்னும் தெரியாதே.

ஜொப்ளினில் ஃபைல் மெனுவில் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்யும்போது ஜேஇஎக்ஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பு, இணைப்பு, குறிச்சொல் எல்லாம் ஒரே கோப்பாக வரும். ஒப்சிடியனில் முழுக் கோப்புறையையும் ஸிப் செய்தால் முடிந்தது. கீப்புக்கு கூகுள் டேக்அவுட் பக்கத்தில் மற்ற எல்லாவற்றின் சரியையும் எடுத்துவிட்டு கீப் மட்டும் கேளுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் கூகுள் போட்டோஸும் ஜிமெயிலும் சேர்ந்து பல ஜிபியாக வந்து ஒரு மாத டேட்டாவை விழுங்கிவிடும். எவர்நோட்டில் நோட்புக் ஒன்றொன்றாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். இலவசக் கணக்குக்கு 2023 டிசம்பரிலிருந்து 50 குறிப்பு, ஒரு நோட்புக் என்பதுதான் எல்லை. அதற்குமேல் வைத்திருப்பவர்கள் பழையதைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், புதிது எழுத முடியாது. “சிங்க் வேலை செய்யவில்லை” என்ற முறைப்பாட்டில் சில இந்த எல்லையால் வருபவை.

பிரதியைப் பென் டிரைவில் போடுங்கள். பெயரில் திகதியை வருடம் முதலாக எழுதுங்கள்: 2025-05-12 என்பதுபோல. அப்படி எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே நிற்கும். பழைய பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. போட்டோ நிறைந்த தொகுப்பு பாதியில் நின்றுவிட்டால் முதலில் அதைப் பாருங்கள். கொப்பி செய்து முடித்ததும் பென் டிரைவிலிருந்தே ஒரு நீண்ட குறிப்பையும் ஒரு போட்டோவையும் திறந்து பாருங்கள். ஜேஇஎக்ஸ் கோப்பு இப்படித் திறக்காது. அதற்கு எக்ஸ்போர்ட் பிழையின்றி முடிந்ததா, அளவு பூச்சியம் இல்லையா என்று பார்ப்பது குறைந்தபட்சம். இன்னொரு கணினியில் ஜொப்ளின் இருந்தால் அங்கே இம்போர்ட் செய்து பார்ப்பது நிச்சயம்.

பென் டிரைவை லெப்டொப் பைக்குள்ளேயே வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அடையாள அட்டை, சான்றிதழ்களோடு கையில் எடுக்கும் பொதிக்குள் அது இருக்கட்டும்.

மூன்று சோதனைகள்

பச்சைச் சரி அடையாளத்தையோ “சிங்க் முடிந்தது” என்ற வரியையோ மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கருவி தன் பங்கை முடித்தது என்பதற்குத்தான் அது அடையாளம். மற்றக் கருவிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

போனில் ஒரு புதுக் குறிப்பு எழுதுங்கள்: “சோதனை, போன், காலை 7.40”. அதில் ஒரு சிறு போட்டோவையும் சேருங்கள். போனில் சிங்க் கொடுத்து முடியும்வரை செயலியைத் திரையில் திறந்தே வைத்திருங்கள். போனில் பல குறிப்புச் செயலிகள் திரையில் இருக்கும்போது மட்டுமே சிங்க் செய்யும். எழுதி முடித்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டால், எழுத்து அந்தப் போனிலேயே நின்றுவிடும். பிறகு லெப்டொப்பில் சிங்க் கொடுத்து, குறிப்பும் போட்டோவும் இரண்டும் வந்தனவா என்று பாருங்கள். எழுத்து வந்து போட்டோ வராமல் நிற்பது சாதாரணம்.

அடுத்து லெப்டொப்பில் அதே குறிப்பில் ஒரு வரி சேர்த்து, போனில் அது வருகிறதா என்று பாருங்கள். கடைசியாகப் போனில் அதை அழித்து, லெப்டொப்பிலும் அழிகிறதா என்று பாருங்கள். எழுதுதல், திருத்தல், அழித்தல் மூன்றும் போய்வந்தால்தான் சிங்க் சரி. எழுதியது மட்டும் போய், அழித்தது போகாமல் இருந்தால், நீங்கள் கஷ்டப்பட்டுச் சுத்தம் செய்த குப்பை நாளைக்கு மறுபடி வந்து நிற்கும்.

எங்கே தடைபடுகிறது

சோதனை தோற்றால் பின்வருவனவற்றை இதே ஒழுங்கில் பாருங்கள். இங்குள்ள நிலைமையில் அதிகம் நடப்பது முதலில் இருக்கிறது.

ஹொட்ஸ்பொட். லெப்டொப்பைப் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தால் விண்டோஸ் அதை அளவிடப்படும் இணைப்பாக, அதாவது மீட்டர்ட் என்று குறித்துக்கொள்ளலாம். அப்படிக் குறிக்கப்பட்ட இணைப்பில், கோப்புகளை இணையத்தில் வைத்துச் சிங்க் செய்யும் ஒன்டிரைவ் தானாகவே நின்றுவிடும். பிழைச் செய்தி பெரிதாக எதுவும் வராது. மேகச் சின்னத்தில் ஒரு சிறிய இடைநிறுத்தக் குறி மட்டும் தெரியும். வைஃபை இல்லாத வீட்டில் மாதக்கணக்கில் இப்படியே இருக்கலாம். இதற்காக மீட்டர்ட் குறியை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் விண்டோஸ் அப்டேட் உள்ளே வந்து டேட்டாவைத் தின்றுவிடும். குறியை அப்படியே விட்டு, ஒன்டிரைவ் செட்டிங்ஸுக்குள் மீட்டர்ட் இணைப்பில் சிங்கை நிறுத்தும் தெரிவை மட்டும் அணையுங்கள்.

வைஃபை மட்டும் என்ற தெரிவு. டேட்டாவை மிச்சப்படுத்த யாரோ ஒருநாள் போனில் போட்டுவிட்டது, அப்படியே கிடக்கும். வைஃபை இல்லாத இடத்தில் அந்தப் போன் ஒருபோதும் சிங்க் ஆகாது. எழுத்துக்குச் செலவாகும் டேட்டா மிகக் குறைவு. தமிழ் எழுத்துக் குறி ஒன்று கணினிக்குள் 3 பைட். 1500 குறி கொண்ட ஒரு பக்கக் குறிப்பு ஏறக்குறைய 4.5 கேபி. அப்படி ஆயிரம் குறிப்பு சேர்ந்தாலும் 4.5 எம்பிதான். போன் கமராவில் எடுத்த ஒரே போட்டோவின் அளவு அது. ஆகவே எழுத்தை மொபைல் டேட்டாவில் விட்டு, இணைப்புகளை மட்டும் கேட்டால் இறக்கும்படி வைப்பதே நல்ல ஏற்பாடு. ஜொப்ளினில் இணைப்பு இறக்கும் முறையை ‘மெனுவல்’ என்று மாற்றலாம்.

முதல் தடவை பெரிய தொகுப்பை ஏற்றுவதாக இருந்தால் இரவு டேட்டாவை ஒதுக்குங்கள். பெக்கேஜில் இரவு நேரம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு, போனைச் சார்ஜரில் போட்டு, அந்தச் செயலிக்கு மட்டும் பட்டரி மிச்சப்படுத்தும் கட்டுப்பாட்டை நீக்கி விடுங்கள். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் பெரிய கோப்பு பாதியில் அறுந்தால் பல செயலிகள் மறுபடி முதலிலிருந்தே தொடங்கும். 80 எம்பி வீடியோ ஒன்று இப்படி நான்கு தடவை முயன்றால் 300 எம்பிவரை போகக்கூடும், வீடியோவும் போய்ச் சேராது.

இரண்டு கருவி, இரண்டு இடம். போன் டிரொப்பொக்ஸுக்கும் லெப்டொப் ஒன்டிரைவுக்கும் சிங்க் ஆவது, அல்லது ஒரே சேவையில் இரண்டு மின்னஞ்சல் கணக்குகள். இரண்டிலும் பச்சைச் சரி வரும், குறிப்பு மட்டும் சந்திக்காது. புதுப் போன் வாங்கும்போதெல்லாம் கடையில் புது ஜிமெயில் போட்டுத் தரும் வழக்கத்தால் இது நம்மிடையே நிறைய நடக்கிறது. இரண்டு கருவியிலும் கணக்கின் பெயரைத் திறந்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். டிரொப்பொக்ஸ் இலவசக் கணக்கில் மூன்று கருவிகளைத்தான் இணைக்கலாம். உடைந்துபோன பழைய போன் இன்னும் அந்த மூன்றில் ஒன்றாக இருக்கக்கூடும். கணக்குப் பக்கத்தில் அதை விலக்குங்கள்.

இடம் நிரம்புதல். இலவச அளவு டிரொப்பொக்ஸில் 2 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி. கூகுளின் 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் போட்டோஸும் பங்கிடுகின்றன. நிரம்பியபின் உங்கள் கருவியிலிருந்து அந்தச் சேவைக்கு மேலே போவது நிற்கும், ஏற்கனவே மேலே உள்ளது தொடர்ந்து இறங்கும். பாதி சிங்க் வேலை செய்வதுபோல் தெரிவதால் காரணம் பிடிபடாது.

கடிகாரம். பழைய லெப்டொப்பின் உள் பட்டரி தேய்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் திகதி பல வருடம் பின்னே போய்விடும். திகதி தவறினால் இணையச் சேவையோடு பாதுகாப்பான தொடர்பே ஏற்படாது. ஏற்பட்டாலும், பிந்தித் திருத்தியதே சரி என்று முடிவெடுக்கும் சிங்க் முறைகள் இன்று எழுதியதைப் பழையது என்று தள்ளிவிடும். விண்டோஸில் நேர வலயம் ஸ்ரீ ஜயவர்த்தனபுர, 5 மணி 30 நிமிடம் கூட்டல், என்று இருக்கிறதா என்று பார்த்து, நேரத்தைத் தானாக எடுக்கும்படி வையுங்கள். ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்குப் பிறகும் பிழைத்தால் பட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு சிங்க் ஒரே கோப்புறையில். ஒப்சிடியன் கோப்புறையை ஒன்டிரைவுக்குள் வைத்து, அதன் மேல் சிங்க்திங்கையும் (கருவிக்குக் கருவி நேராகச் சிங்க் செய்யும் செயலி) ஓடவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருக்கும், பிரதிகள் பெருகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா குறைவானவர்களுக்கு எங்கள் தெரிவு சிங்க்திங். அது இணையச் சேவையில் எதையும் வைப்பதில்லை. மொபைல் டேட்டாவை அணைத்து ஹொட்ஸ்பொட்டை மட்டும் போட்டு, போனும் லெப்டொப்பும் ஒரே அறையில் இருந்தால், ஒரு எம்பிகூடச் செலவாகாமல் சிங்க் முடியும். ஒரே நிபந்தனை, இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். ஒப்சிடியனின் மறைவான அமைப்புக் கோப்புறைக்குள் ‘வேர்க்ஸ்பேஸ்’ என்று தொடங்கும் கோப்புகளைச் சிங்கிலிருந்து விலக்கிவிடுங்கள். எந்தக் குறிப்பு திரையில் திறந்திருக்கிறது என்பதையே அவை சொல்கின்றன, ஒவ்வொரு தொடுகைக்கும் மாறுகின்றன.

முரண் பிரதிகள்

மலைக்கு மேலே சிக்னல் இல்லாத இடத்தில் போனில் ஒரு குறிப்பைத் திருத்துகிறீர்கள். அதே நாளில் வீட்டில் தம்பி லெப்டொப்பில் அதே குறிப்பைத் திருத்துகிறார். இரண்டும் இணையும்போது எது சரி என்று கணினிக்குத் தெரியாது. நல்ல செயலி இரண்டையும் வைத்துக்கொண்டு உங்களிடம் விடும். எங்கே வைக்கிறது என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

ஜொப்ளினில் ‘கொன்ஃபிளிக்ட்ஸ்’ என்ற தனி நோட்புக் தோன்றும். மேலிருந்து வந்த பிரதி குறிப்பின் இடத்தில் உட்காரும், அந்தக் கருவியில் நீங்கள் எழுதியது இந்த நோட்புக்குக்குப் போகும். அந்த நோட்புக் சிங்க் ஆவதில்லை என்பதைக் கவனியுங்கள். போனில் உண்டான முரண் போனில் மட்டுமே இருக்கும். லெப்டொப்பில் தேடிவிட்டு இல்லை என்று முடிவெடுத்து, பிறகு போனை அழித்துப் புதிதாக அமைத்தால், அந்த எழுத்து முழுதாகப் போய்விடும். சிங்க்திங் பழைய பிரதியின் கோப்புப் பெயரில் சிங்க் கொன்ஃபிளிக்ட் என்ற சொல்லும் திகதியும் சேர்க்கும், அது எல்லாக் கருவிக்கும் போகும். டிரொப்பொக்ஸ், ‘கொன்ஃபிளிக்டட் கொப்பி’ என்று எழுதும். ஒன்டிரைவ் கோப்பின் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயரை ஒட்டும். ஆகவே உங்கள் லெப்டொப்பின் பெயர் என்ன என்று செட்டிங்ஸில் பார்த்து, அந்தப் பெயரைக் கோப்புறையில் தேடுங்கள். ஒன்நோட்டில் பக்கத்தின் மேல் மஞ்சள் பட்டி வரும். இடம் தவறிய பிரிவுகள் ‘மிஸ்பிளேஸ்ட் செக்ஷன்ஸ்’ என்ற இடத்தில் கிடக்கும். எஃப்9 விசையை அழுத்தினால் எல்லா நோட்புக்குகளும் உடனே சிங்க் ஆகும்.

முரண் பிரதியைத் தீர்க்கும்போது திகதியை மட்டும் பார்த்துப் புதியதை வைக்கக் கூடாது. பழைய பிரதியில் மட்டும் இருக்கும் ஒரு வரிதான் பெரும்பாலும் முக்கியமானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, இல்லாத வரியை மூலக் குறிப்பில் சேர்த்து, சிங்க் கொடுத்து, மற்றக் கருவியில் அது வந்தபின் முரண் பிரதியை அழியுங்கள். எண்கள் உள்ள குறிப்பில் இன்னும் கவனம் வேண்டும். ஒன்றில் கொழுந்து 18 கிலோ, மற்றதில் 21 கிலோ என்று இருந்தால் ஊகிக்காதீர்கள், கைக் கொப்பியையோ எடைத் துண்டையோ பார்த்து எழுதுங்கள். தினமும் இருவர் எழுதும் கணக்கை ஒரே நீண்ட குறிப்பாக வைக்காமல் நாளுக்கு ஒரு குறிப்பாகப் பிரித்தால் இந்த முரண் பெருமளவு குறையும்.

தமிழ்ப் பெயர் தரும் சிக்கல்

ஒரே கோப்புறையில் ‘கொழுந்து எடை’ என்ற பெயரில் இரண்டு கோப்பு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்க முடியாதே என்று குழம்புவீர்கள். கண்ணுக்குத்தான் அவை ஒன்று. ‘கொ’ என்பதை க எழுத்தோடு ஒரே உயிர்க்குறியைச் சேர்த்துச் சேமிக்கலாம். அந்த உயிர்க்குறியை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. விண்டோஸ் இவற்றை இரண்டு வேறு பெயராகவே நினைக்கும். சில செயலிகளின் தேடலும் அப்படித்தான், நீங்கள் தட்டச்சு செய்யும் வடிவத்தில் உள்ளதை மட்டும் காட்டி, மற்றதை இல்லை என்று சொல்லும். கோ, கௌ வரிசை எழுத்துகளுக்கும் இதே கதை. பிடிஎஃப்பிலிருந்து கொப்பி செய்த எழுத்திலும் பழைய எழுத்துரு மாற்றிகள் தந்த எழுத்திலும் பிரிந்த வடிவம் அதிகம் வருகிறது. ‘ஸ்ரீ’ எழுத்திலும் இரண்டு வகை உண்டு: ஸ வைத்து எழுதியது, ஶ வைத்து எழுதியது. ஸ்ரீபாத என்று தேடிக் கிடைக்காத குறிப்பு இதனால் மறைந்திருக்கலாம்.

சரிசெய்வது எளிது. பெயரை முழுதாக அழித்துவிட்டு, நீங்கள் தினமும் பாவிக்கும் கீபோர்டில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். பழையதை வெட்டி ஒட்டினால் பழைய வடிவமே திரும்ப வரும். இரண்டு கோப்பின் உள்ளடக்கமும் ஒன்றா என்று பார்த்த பிறகே ஒன்றை அழியுங்கள்.

பெயரின் நீளம் அடுத்தது. விண்டோஸ் 255 குறிவரை ஏற்கும். அண்ட்ரொய்ட் 255 பைட்வரைதான் ஏற்கும். ‘கொழுந்து’ என்ற நான்கு எழுத்துச் சொல்லில் உள்ளே எட்டுக் குறி, 24 பைட். இந்தக் கணக்கில் ஏறக்குறைய 40 தமிழ் எழுத்துக்கு மேற்பட்ட தலைப்புள்ள கோப்பு லெப்டொப்பில் நன்றாக இருக்கும், போனுக்கு வராது. முரண் நேர்ந்தால் சிங்க்திங் இன்னும் 38 பைட் சேர்க்கும். தலைப்பை 30 எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கோப்புப் பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் எதுவும் வேண்டாம், விண்டோஸ் ஏற்காது. திகதியைச் சாய்கோடு போட்டு எழுதும் பழக்கம் இங்கேதான் இடிக்கும். ஜொப்ளினும் கீப்பும் தலைப்பைக் கோப்புப் பெயராக வைப்பதில்லை என்பதால் அவற்றில் நீளச் சிக்கல் இல்லை, தேடல் சிக்கல் மட்டும் உண்டு.

பாமினியில் தட்டச்சு செய்த பழைய குறிப்புகள் தனி வகை. போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைபோல் தெரியும். அது பழுதான கோப்பு அல்ல, அழித்துவிடாதீர்கள். பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். அதனால்தான் தமிழில் தேடினால் அகப்படுவதில்லை. யுனிகோட் மாற்றியில் போட்டு மாற்றுங்கள். மாற்றும் முன் இடையில் உள்ள ஆங்கிலச் சொல், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை வெளியே எடுத்து வையுங்கள், அவையும் தமிழாகி உருக்குலைந்துவிடும். காற்புள்ளி விசை பாமினியில் ‘இ’. ஆங்கிலமும் எண்ணும் கலந்த வரியில் காற்புள்ளி இருந்த இடத்தில் எல்லாம் ‘இ’ வந்து நிற்கும் என்பதால், தொகை எழுதிய வரிகளை மூலத்தோடு ஒப்பிடுங்கள். சரிபார்க்கும்வரை மூலத்தையும் வைத்திருங்கள்.

இனித் துப்புரவு

எண்ணிக்கை இரண்டு கருவியிலும் ஒன்றாகி, முரண் பிரதி தீர்ந்த பிறகு அழிக்கத் தொடங்கலாம். எடை கூடியதில் தொடங்குங்கள். 300 போட்டோ, ஒன்று 4 எம்பி என்றால் 1.2 ஜிபி. இலவச டிரொப்பொக்ஸில் பாதிக்கு மேல் அது. எழுத்துக் குறிப்புகளை நாள் முழுக்க அழித்தாலும் இதில் பத்தில் ஒன்றுகூடக் குறையாது.

ஜொப்ளினில் டூல்ஸ் மெனுவில் உள்ள இணைப்புப் பக்கத்தை அளவு வரிசையில் அடுக்குங்கள். அங்கிருந்தே அழித்தால் குறிப்புக்குள் உடைந்த சுட்டி நிற்கும், ஆகவே எந்தக் குறிப்பில் பாவிக்கப்படுகிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். ஒப்சிடியனில் கிராஃப் காட்சியில் இணைப்புகளையும் அநாதைக் கோப்புகளையும் காட்டும் தெரிவுகளைப் போட்டால், எதோடும் கோடு இல்லாத புள்ளிகளாக அவை தெரியும். வட்ஸ்அப்பில் வந்த அறிவித்தலின் ஸ்கிரீன்ஷொட்டுகளில் திகதியையும் விஷயத்தையும் இரண்டு வரியில் எழுதிவிட்டுப் படத்தை நீக்குங்கள். படத்துக்குள் இருக்கும் சொல் பல செயலிகளின் தேடலில் அகப்படாது, எழுதிய வரி அகப்படும். பிறப்புச் சான்றிதழ், காணிக் கடிதம், ஈபிஎஃப் பத்திரம் போன்றவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். அவற்றைச் சுருக்கவும் வேண்டாம், சிறிய எழுத்தும் முத்திரையும் மங்கிவிடும்.

அதன் பிறகு வெற்றுக் குறிப்புகள். தலைப்பு வரிசையில் அடுக்கினால் பெயரில்லாதவை ஓரிடத்தில் கூடும். குறிச்சொற்களில் ‘டீ’, ‘தேயிலை’, ‘கொழுந்து’ என்று ஒரே விஷயத்துக்கு மூன்று இருந்தால் ஒன்றாக்குங்கள். புதியவர்களுக்குப் பத்து நோட்புக் போதும். அதற்குமேல் போனால் எங்கே வைத்தோம் என்று தேடுவதே வேலையாகிவிடும்.

எங்கள் மக்களின் ஆவணங்களில் ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருப்பது சகஜம். அந்த நபரின் குறிப்பிலேயே எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் பழைய 9 இலக்க வடிவிலும் புதிய 12 இலக்க வடிவிலும் எழுதுங்கள். எதைக் கொண்டு தேடினாலும் குறிப்பு வந்து நிற்கும், இரண்டாவதாக இன்னொன்று உண்டாக்கும் தேவையும் வராது. கடவுச்சொல்லும் வங்கி பின் இலக்கமும் குறிப்பில் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

சந்தேகமானதை அழிக்காமல் ‘பழையவை 2025’ என்ற நோட்புக்கில் போட்டு ஒரு மாதம் விடுங்கள். அழித்துவிட்டுத் தேடுவதாக இருந்தால் கால எல்லை செயலிக்குச் செயலி மாறும்: கூகுள் கீப் குப்பைத் தொட்டியில் 7 நாள், டிரொப்பொக்ஸ் இலவசக் கணக்கிலும் ஒன்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் 30 நாள், ஒன்நோட்டில் 60 நாள், ஜொப்ளினில் வழமையான அமைப்பில் 90 நாள். கீப்பில் சுத்தம் செய்பவர்கள் ஏழு நாள் கழியுமுன் ஒருமுறை தொட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஒரே மூச்சில் 500 குறிப்பை அழிக்காதீர்கள். ஐம்பது அழித்து, சிங்க் கொடுத்து, மற்றக் கருவியில் எண்ணிக்கை அதே அளவு குறைந்ததா என்று பார்த்து, அடுத்த ஐம்பதுக்குப் போங்கள். இடையில் சிக்னல் போனால் எந்த இடத்தில் நின்றது என்று கடதாசியைப் பார்த்தால் தெரியும்.

போனை மாற்றும் நாள்

மிகப் பெரிய இழப்பு நடப்பது போனை விற்கும்போது அல்லது தங்கைக்குக் கொடுக்கும்போது. ரீசெட் செய்யும் முன் பழைய போனில் முரண் நோட்புக்கைத் திறந்து பாருங்கள், எண்ணிக்கையை எழுதுங்கள், ஒரு சோதனைக் குறிப்பு அனுப்புங்கள். புதுப் போனில் எல்லாம் இறங்கி எண் பொருந்தியபின், பழைய போனைக் குறைந்தது ஒரு வாரம் அழிக்காமல் வையுங்கள். ஜொப்ளினில் குறியாக்கம் போட்டிருந்தால் புதுப் போன் அதன் கடவுச்சொல்லைக் கேட்கும். தெரியாவிட்டால் குறிப்பெல்லாம் பூட்டியபடியே நிற்கும், செயலியை உருவாக்கியவர்களாலும் திறக்க முடியாது. அந்தச் சொல்லை இன்றே ஒரு கடதாசியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் ஃபைலுக்குள் போட்டு வையுங்கள்.